தூத்துக்குடியில் ஒன்றரை நாள்: ஒரு திணையியல் ஆய்வு

குறும்பயணம் என்ற சொல்லுக்கு யாரும் ஒழுங்கான இலக்கணம் வகுத்துத் தராதது தமிழாய்வுலகின் பெருங்குறை. இக்கட்டுரையின் தேவைக்காக நானே வகுத்துக்கொள்கிறேன். கொண்டுபோன இரண்டாவது வேட்டி அழுக்காவதற்குள் ஊர் திரும்பிவிடும் தங்கல் குறும்பயணம் எனப்படும். மூன்றாவது வேட்டி தேவைப்பட்டால் அது விருந்து. வேட்டியைத் துவைக்கப் போட நேர்ந்தால் அது சம்பந்தம்.

ஆய்வுக்களம் தூத்துக்குடி. ஆய்வுக்காலம் ஒன்றரை நாள். நிதிநல்கை எவரும் தரவில்லை. நண்பர் வீட்டுக் கல்யாணம் ஒன்று போக்குவரத்துக்குக் காரணமாக அமைந்தது. ஆய்வு உதவியாளன் என் மனைவியின் தம்பி. “அத்தான், முகூர்த்தம் காலையிலேயே முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நமக்கு அங்க என்ன வேலை?” என்று அவன் எழும்பூரில் ரயில் ஏறும்போது கேட்டதுதான் இவ்வாய்வின் மூலவினா.

முத்துநகர் எக்ஸ்பிரஸ் விடியும் வேளையில் வாஞ்சி மணியாச்சியைக் கடக்கிறது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட ரயில் நிலையம் இது. தூத்துக்குடிக்குப் போகும் குறும்பயணி முதலில் பார்க்கவேண்டிய இடமும் இதுவே. ஆய்வுக்குழு முழுவதும் அச்சமயம் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் இதுபற்றிய தரவுகள் கிடைக்கவில்லை.

முறையியல் எளிது. ஊராரிடம் கேட்பது. ஆட்டோக்காரரிடம், “இங்க என்ன பார்க்கலாம்?” என்றோம். “இங்க என்ன சார் இருக்கு? திருச்செந்தூர் போயிட்டு வந்திருங்க, நாப்பது கிலோமீட்டர்தான்” என்றார். விடுதி வரவேற்பில் இருந்த பையன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சொன்னான். டீக்கடைக்காரர் மணப்பாடு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டார். மூவரிடம் கேட்டதில் நான்கு ஊர் கிடைத்தது. அவற்றுள் தூத்துக்குடி இல்லை. சொந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நம்புவது உலகப் பொதுவழக்கம்தான். ஆனால் இத்தனை உபசாரத்தோடு விருந்தாளியை அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்பது இந்த ஊரின் தனிச்சிறப்பு.

கேள்விமுறை கைவிட்டதால் தொல்காப்பியத்திடம் போனோம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். எந்தத் திணைக்கும் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் உண்டு. குறும்பயணியின் வேலைப்பட்டியலை இந்த மூன்றுக்குள் அடைத்துவிடலாம் என்பது என் கருதுகோள்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் நேரம். அதன்படி மாலையில் கடற்கரையோரம் ரோச் பூங்காவுக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். சூரியனோ எங்கள் முதுகுக்குப் பின்னால், ஊருக்குள் எங்கோ மறைந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும், அதில் விழாது. இலக்கணத்தை நம்பிப் போகிறவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்த சிக்கல் அலை. அதை அலை என்று எழுதவே கை கூசுகிறது. தட்டைச் சாய்த்தால் ரசம் விளிம்புவரை வந்து யோசித்துவிட்டுத் திரும்புமே, அந்த அளவுதான். காரணம் உண்டு. எதிரே இலங்கை மறித்துக்கொண்டு கிடக்கிறது. போதாததற்கு இங்கிருந்து ராமேசுவரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் உள்ளன. அலை இவ்வளவையும் தாண்டி வருவதற்குள் களைத்துப்போகிறது. என் உதவியாளன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிஷம் காத்திருந்தான். பிறகு சுண்டல் விற்றவரிடம், “அண்ணாச்சி, அலை எப்ப வரும்?” என்றான். “அலையா? அதுக்கு நீங்க திருச்செந்தூர்தான் போகணும்” என்றார் அவர்.

கருப்பொருள் பகுதி வளமானது. தெய்வம், மக்கள், தொழில், உணவு எல்லாம் இதற்குள் வரும்.

தெய்வம் வருணன் என்று இலக்கணம் சொன்னாலும் பரதவர் நெடுங்காலமாகப் பனிமய மாதாவிடம்தான் முறையிட்டு வருகிறார்கள். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா நிறைவுறும். மாதா கோயில் 1982-ல் பசிலிக்கா ஆனது. பனியே காணாத ஊரில் பனிமயம் எப்படி வந்தது என்று உதவியாளன் கேட்டான். ரோமாபுரியில் கோடைநடுவே பனி பெய்த ஐதிகத்தைச் சொன்னேன். “அப்ப இங்கயும் பெய்ய வாய்ப்பிருக்கு” என்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னான்.

தொழிலுள் உப்பு விளைத்தல் முதன்மையானது. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு; தமிழகத்தில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு. கடல்நீரைப் பாத்தியில் நிறுத்தி, வெயிலிடம் ஒப்படைத்து, விளைந்ததை வாரிக் குவித்துக் கீற்றால் மூடிவைக்கிறார்கள். ஐப்பசி மழை வந்துவிட்டால் வேலை நின்றுபோகும். காலை ஏழு மணிக்குள் அளத்தைப் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் வெள்ளையிலிருந்து திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். நாங்கள் போனது ஒன்பதரைக்கு. பத்து நிமிஷத்தில் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டோம். அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க வேலை செய்யும் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தது நியாயம்தான்.

கப்பல் தொழிலுக்கு வருவோம். மரத்தில் கட்டிய தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. பெரிய துறைமுகம் 1974-ல் வந்தது. 2011 முதல் அதற்கு வ.உ.சி. பெயர். 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்களை விட்டார். போட்டியாக வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குறும்பயணிக்குச் சலுகை காட்டும் வழக்கத்துக்கு நானறிந்த மிகப்பழைய சான்று இதுதான். அந்தக் குடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது என் உதவியாளன் ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தான். 1908-ல் சிறைக்குப் போய்ச் செக்கிழுத்து, சொத்தெல்லாம் இழந்து, 1936 நவம்பர் 18 அன்று வ.உ.சி. இதே ஊரில் காலமானார். இந்தப் பத்தியில் ஆய்வாளருக்குக் கிண்டல் வரவில்லை. மேலே செல்வோம்.

உணவு. ஆய்வின் மையம் இதுவே. மற்றவை எல்லாம் இங்கு வந்து சேர்வதற்கான வழி.

இரவுப் பரோட்டாவை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சால்னா கேட்காமலே இரண்டாம் முறை வந்தது. ஆனால் மக்ரூனை ஒரு வரியில் முடித்தால் ஊர் மன்னிக்காது. உள்ளங்கைக்குள் நான்கு அடங்கும் அளவில், கூம்பு வடிவில், நுனியில் ஒரு சுழிப்போடு, மங்கிய வெள்ளையில் இருக்கும். பல்லில் படும்போது மொறுக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மென்று முடித்தோமா, கரைந்து போயிற்றா என்று தீர்மானிப்பதற்குள் கை அடுத்ததை எடுத்துவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி: இந்த மூன்றே சரக்கு. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித்தூளும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் வைக்கிறார்கள்.

இது நெய்தல் உணவா என்று புலவர் எவரேனும் தடை எழுப்பலாம். மீனா இது, உப்பா இது? விடை அகப்பொருள் இலக்கணத்திலேயே இருக்கிறது. நெய்தல் மக்களின் உணவு மீனும் உப்பும் மட்டுமல்ல. அவற்றை விற்றுப் பெற்றவையும் அவர்கள் உணவே. போர்த்துகீசியர் விட்டுப்போன பண்டம் இது என்று ஊரில் சொல்கிறார்கள். முந்திரிமரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. எங்கோ விளைந்ததைக் கடல்வழியே வரவழைத்துத் தனதாக்கிக்கொள்வதுதானே துறைமுகத்தின் குணம்? ஆகவே மக்ரூன் இலக்கண சுத்தமான கருப்பொருள். உப்புக்கும் இதற்கும் உறவும் நெருக்கம்: இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஈரம் ஆகாது.

இங்கே ஒரு துணைவினா. இத்தனை வெள்ளைக்கருவை ஊர் தின்கிறதென்றால், மஞ்சள்கரு எங்கே போகிறது? பேக்கரியில் கேட்டேன். “அது போற இடத்துக்குப் போகும் அண்ணாச்சி. உங்களுக்கு ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?” என்றார் கல்லாவில் இருந்தவர். வினா திறந்தே இருக்கிறது. வருங்கால ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் அறம் சார்ந்தது. செவ்வாய், வெள்ளியில் முட்டை தொடாத அத்தை ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். மக்ரூனை முந்திரி இனிப்பு என்றே பல வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். நாங்கள் ஊர் திரும்பியது வெள்ளிக்கிழமை. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ரயிலில் நெடுநேரம் விவாதித்தோம். ஆராய்ச்சி நெறி ஒருபுறம், குடும்ப அமைதி மறுபுறம். குடும்பம் வென்றது.

எஞ்சியது உரிப்பொருள். நெய்தலுக்கு உரியது இரங்கல். இந்த ஆய்வில் அது மறுநாள் காலையில்தான் நிறுவப்பட்டது. இரண்டு கிலோ வாங்கியிருந்தோம். அட்டைப்பெட்டி கைக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று என் உதவியாளன் அதை இருக்கைக்கடியில் வைத்து, அது ஆடாமலிருக்கக் கல்யாண வீட்டில் தந்த தாம்பூலப் பையையும் தேங்காயோடு அதன்மேல் வைத்திருக்கிறான். வீட்டில் திறந்து பார்த்தபோது கூம்பு என்று சொல்லத்தக்கவை பதினொன்று, மற்றதெல்லாம் தூள். “ஊர்ல என்னதான் பார்த்தீங்க?” என்று மனைவி கேட்டாள். முதல், கரு என்று தொடங்கினேன். அவள் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை மட்டும் தூளைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் எனக்குப் பல்லுக்கு வசதி என்றார்.

மாதிரிகள் சிதைந்துவிட்டதால் ஆய்வை மீண்டும் நடத்த வேண்டியிருக்கிறது. நண்பர் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். எனவே இதை வாசிப்பவர்களில் அந்தப் பக்கம் போகிறவர் யாரேனும் இருந்தால் அரைக்கிலோ வாங்கிவரும்படி வேண்டுகிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரவும். பணம் கையில் கொடுத்துவிடுகிறேன்.