மாசித் துண்டின் சைவநிலை: இறம்பொடையை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி–நுவரெலியா வீதியில், இறம்பொடை நீர்வீழ்ச்சியை அண்டிய சாப்பாட்டுக் கடைகளில், சமயங்கள் தீர்க்காமல் விட்ட வினா ஒன்று மதியந்தோறும் பரிமாறப்படுகிறது. தேங்காய்ச் சம்பலில் கிடக்கும் மாசி மரக்கறியா, மச்சமா?

ஆய்வுக்களம் தற்செயலானதன்று. வெவண்டன் தோட்டத்து மலையில் சின்மயா மிஷன் 2001இல் அமைத்த அனுமார் கோயிலுக்கு, இராமாயண யாத்திரையென்று இந்தியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கும்பிட்டு இறங்கியதும் அவர்கள் கேட்பது 'ப்யூர் வெஜ்'. "எல்லாம் மரக்கறிதாங்க" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. இறைச்சி இல்லை, மீன் துண்டு இல்லை. மாசியா? அது வாசத்துக்கு.

பொருளியல்பை நோக்குவோம். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகாகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. உரலில் இடித்தால்தான் வழிக்கு வரும். ஜப்பானியரும் இதே மீனைக் காயவைத்துச் சீவி, சூப்புக்குச் சாறு எடுக்கிறார்கள். அங்கே மரக்கறி தேடிப் போகிறவருக்கும் இதே கதிதான். பௌத்த மடத்து அடுக்களை மட்டும் கடற்பாசியில் சாறெடுத்துத் தப்பித்துக்கொண்டது.

சாத்திர ஆதாரமும் உண்டு. பிக்குகள் மீனும் இறைச்சியும் தொடக்கூடாதென்று சீடர் தேவதத்தன் கேட்டபோது புத்தர் இணங்கவில்லை. தனக்காகக் கொன்றதைக் காணாமல், கேளாமல், ஐயுறாமல் இருந்தால் போதும் என்றார். சம்பல் இவ்விதிக்கென்றே பிறந்தது. மாசி இடிபட்டுவிட்டதால் காண முடியாது. கேட்டால்தானே சொல்வார்கள்? ஐயம் வாயில் வைத்த பிறகே வரும். அதற்குள் தட்டு பாதி காலி.

இந்தியச் சட்டத்துக்கு இந்த நயம் தெரியாது. அதன்படி முட்டை அசைவம், பால் சைவம். பச்சைப் புள்ளி, பழுப்பு முக்கோணம், ஆயிற்று.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வழக்கமே நமக்குத் தெளிவாகப் படுகிறது. அங்கே சைவம் சாப்பாட்டைச் சேர்ந்ததன்று, நாளைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு அரைக்கும் சம்பலில் தேங்காயும் வெங்காயமும் கொச்சிக்காயும்தான். மறுநாள் அதே அம்மியில் மாசி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயமே கவிச்சியை விடும். திருவிழா முடிந்ததும் விட்டதை வட்டியோடு பிடிக்கும்.

எஞ்சியிருப்பது மரக்கறி ரொட்டி. உள்ளே கிழங்கும் கோவாவும்தான். ஆனால் அதற்கு முன் அந்தத் தகட்டில் புரண்டது முட்டை ரொட்டி. எண்ணெயின் சமயம் யாது என்று ஆராயத் தொடங்கினோம். "சாப்பிடப் போறீங்களா, எழுதப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். இரண்டு ரொட்டி சொன்னோம்.