நாலு பக்கப் பாரம்

ஏப்பா மாப்ள, டிரைவருங்களுக்குன்னு நீ புதுசா அச்சடிச்ச பாரத்தை வரி விடாமப் படிச்சேன். நாலு பக்கம். லைசென்ஸ் நகல், ஆதார் நகல், டிஜிலாக்கர் பின் நம்பர், பேங்குல எவ்வளவு கடன், பொண்டாட்டி செல் நம்பர், என்ன வியாதிக்கு என்ன மாத்திரை, இன்ஸ்டாகிராம்ல என்ன பேரு. ஒண்ணு விடல. பொண்ணு குடுக்கற வீட்டுக்காரன்கூட இத்தனை விசாரிக்க மாட்டான். ஒரே ஒரு குறைதான். ஆளுக்கு லாரி ஓட்டத் தெரியுமான்னு எங்கயும் கேக்குல.

கோவிச்சுக்காதே. லைசென்ஸ் பாக்க வேண்டாம்னு நான் சொல்லுல. நல்லாப் பாரு. லைசென்ஸ் இல்லாதவன் கையில சாவியைக் குடுத்தா, அவனுக்குத் தனியா, உனக்குத் தனியா அபராதம். உனக்கு 5,000 ரூபாய், இல்லாட்டி மூணு மாசம் வரைக்கும் உள்ள, யோகம் இருந்தா ரெண்டும். வண்டி யார் மேலயாச்சும் மோதிட்டா, இன்சூரன்ஸ்காரன் அடிபட்டவனுக்கு மொதல்ல குடுத்துட்டு, அப்பறம் அந்தக் காசைக் கேட்டு உன்ற ஷெட்டு வாசல்ல வந்து நிப்பான். பயம் நியாயமான பயம்தான்.

ஆனா அந்தப் பயத்துக்கு எவ்வளவு தூரம் போகோணும்னு சுப்ரீம் கோர்ட்டே அளந்து வெச்சிருக்குது. 2003-ல ஒரு இன்சூரன்ஸ் வழக்குல சொன்னாங்க. வேலைக்கு வர்றவன்கிட்ட லைசென்ஸை வாங்கிப் பாரு, பாத்தா அசலாட்டம் இருந்தாச் சரி, வண்டியை ஓட்டச் சொல்லிப் பாரு, ஒழுங்கா ஓட்டுனா வேலைக்கு வெச்சுக்கோ. அதைக் குடுத்த ஆபீஸுக்குப் போயி இது மெய்யா பொய்யான்னு துப்புத் துலக்கறது மொதலாளி வேலை இல்லைன்னுட்டாங்க. 2022-லயும் அதையேதான் சொன்னாங்க. போலின்னு தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டா, அது வேற கதை.

அப்படியும் மனசு ஆறலையா? பரிவாஹன் இணையதளத்துல லைசென்ஸ் நம்பரையும் பொறந்த தேதியையும் போட்டாப் போதும். என்ன வண்டி ஓட்டலாம், எப்ப வரைக்கும் செல்லும், எல்லாம் வந்துரும். நாமக்கல்லுல கேஸ் டேங்கர் ஓட்டறவன்னா ஆபத்தான சரக்குக்குத் தனி ஒப்புதல் இருக்கோணும், அது மூணு வருசந்தான் செல்லும். மத்த லாரிக்கு அஞ்சு. பாக்க வேண்டியது இவ்வளவுதான். இதுல பொண்டாட்டி செல் நம்பர் எந்த கியருக்கு உதவுது, சொல்லு?

உன்னைக் குத்தம் சொல்லியும் புண்ணியமில்ல, பெரிய எடத்துலயே இந்த ஆசை வந்துருக்குது. ஊர் உலகத்து வண்டி விவரம், லைசென்ஸ் விவரமெல்லாம் டெல்லியில சேந்து கெடந்துச்சு. அதை 87 தனியார் கம்பெனிகளுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் தொறந்துவிட்டு, 65 கோடி வருமானம் வந்துச்சுன்னு 2019-ல பார்லிமெண்டுலயே பதில் சொன்னாங்க. மொத்தமா வேணும்னா வருசம் 3 கோடின்னு வெலை வேற. 2020-ல அந்தரங்கம் போகுதேன்னு அந்தத் திட்டத்தைக் கைவிட்டாங்க. வித்தது வித்ததுதான், அதைத் திருப்பி வாங்க ஆரால முடியும்?

பாரம் எழுதிக் குடுத்த ஏஜெண்டு உனக்கு ஒரு தைரியம் சொல்லியிருப்பானே. 2023-ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, வேலை சம்பந்தமான காரியத்துக்கும், மொதலாளிக்கு நட்டம் வராமத் தடுக்கறதுக்கும் தொழிலாளியோட சம்மதம் வேண்டியதில்லைன்னு ஒரு எடம் இருக்குதுன்னு. இருக்குது, மெய்தான். லைசென்ஸுக்கு அது செல்லும். இன்ஸ்டாகிராம் பேரு எந்த நட்டத்தைத் தடுக்கப் போகுதுன்னு கேட்டா, ஏஜெண்டு செல்லை அணைச்சு வெச்சுட்டுப் போயிருவான். 2025 நவம்பர்ல விதிகளும் வந்துருச்சு. முக்காவாசி கட்டாயமாகறதுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. வாங்கி வெச்ச விவரத்தைப் பத்திரமா வெச்சுக்காமக் கசிய விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம். நம்ம கம்பெனிக்கு அவ்வளவு போட மாட்டாங்கதான். ஆனா அதுல ஒரு துளி தெறிச்சாலே நாலு லாரி போயிரும்.

காயிதத்துல மட்டும் இருந்தா அந்தச் சட்டம் கிட்ட வராதும்பே. காயிதமாவா இருக்குது? உன்ற மச்சான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து லாரி ஓனருங்க வாட்ஸப் குரூப்புல போட்டிருக்கறானாம். 'இவனை வேலைக்கு வெக்காதீங்க'ன்னு ஆதார் நம்பரோட. நல்ல பையன், சுறுசுறுப்பு. அவனுக்கும் ஒரு பாரம் குடு.

இன்னொண்ணு கேளு மாப்ள, இது உனக்கும் எனக்கும் மட்டும். டிரைவரோட பழைய அபராதக் கணக்கைப் புரட்டோணும்னு நிக்கறயே, அதுல என்ன வரும்? ஓவர்லோடுன்னு வரும். 20,000 ரூபாய், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. அந்தச் சட்டத்துல ஓட்டுனவனோட நிக்காம, ஓட்ட வெச்சவன்னும் சேத்தே எழுதியிருக்குது. அந்தப் பாரத்தை ஏத்தச் சொன்னது ஆரு, கிளீனரா? வேகம்னு வரும். ரா முழுக்க ஓட்டி விடியறதுக்குள்ள சரக்கை எறக்கிருன்னு போன்ல கத்துனது ஆரு? அஞ்சு பேரு வேலை பாக்கற கம்பெனியா இருந்தாலே நாளைக்கு எட்டு மணி நேரம்தான்னு, 2025 வரைக்கும் இருந்த சட்டத்தை 1961-லயே போட்டாச்சு. அந்த வருசம் உங்கப்பன் டிராயரோட திரிஞ்சான். கேமரா புடிக்கற கேஸெல்லாம் வண்டி நம்பருக்கு வருது, வண்டி உன்ற பேர்ல இருக்குது. அவன் ரிக்கார்டைப் பாத்து நீ அவனைக் கழிச்சுக் கட்டறதுக்குள்ள, அவன் உன்ற ரிக்கார்டைப் பாத்துட்டான்னு வெய்யி, ஷெட்டுல வண்டிக்குத் துணையா நீதான் படுத்திருக்கோணும். ஏற்கனவே டிரைவர் கெடைக்கலைன்னு சங்கக் கூட்டத்துல மைக்கைப் புடிச்சு அழுவற ஆளு நீ.

அதனால இப்படிப் பண்ணு. நாலு பக்கத்துல மூணரைப் பக்கத்தைக் கிழி. மிச்சத்துல லைசென்ஸ் நம்பர், பொறந்த தேதி, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர். ஆளு வேலையை விட்டுப் போனா அதையும் அழிச்சுரு. காலி எடத்துல ஓனர் கட்டாத அபராதம் எத்தனை, படிக்காசு எத்தனை மாசம் பாக்கி, டயர் எப்ப மாத்துனதுன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. கணக்குப்புள்ளைக்கும் பாரம் குடுத்தயாமே, அதைத் திருப்பி வாங்கிக்கோ. அவரு தள்ளறது பேனா மட்டுந்தான்.

ஆமா, இப்பத்தான் நெனப்பு வருது. பொழுதோட பொழுது நீயே காரை ஓட்டிக்கிட்டு சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போறயே, உங்க லைசென்ஸ் எப்ப முடியுதுங்க மொதலாளி? சும்மா கேட்டேன். பொறந்த தேதி எனக்குத் தெரியும், காது குத்துனதே என்ற மடியிலதான். நம்பரை மட்டும் சொல்லு, இப்பவே பாத்துச் சொல்றேன். எங்க எந்திரிக்கறே? காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போ மாப்ள.