நிறுத்தும்போது ஓடிய கார்கள்: துருவியலுக்கு ஒரு முன்னுரை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்றோர் ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அவ்வூரில் 2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் நடந்த கார் ஏலத்தைத் துருவியல் அறிஞர் தம் துறையின் தலையாய சான்றாகக் கொள்வர். ரே லாம்ப்ரெக்ட் என்பவர் அங்கே 1946 முதல் 1996 வரை செவர்லே கார் விற்றார். விற்றார் என்பது உலக வழக்குப் பற்றிச் சொன்னது. வரலாற்றில் அவர் நிற்பது விற்காமல் விட்ட கார்களால். ஆண்டுக் கடைசியில் மிஞ்சும் புதுக் கார்களை விலை குறைத்துத் தள்ளிவிடுவது வியாபாரிகள் இயல்பு. அவரோ அவற்றைக் கிடங்கில் ஏற்றிப் பூட்டினார். புதுக் காருக்கு மாற்றாக வந்த பழைய கார்களைப் பண்ணையில் வரிசைகட்டி நிறுத்தினார். நாளடைவில் வரிசைகளுக்கு இடையே மரங்கள் எழுந்து, தோப்பு எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத நிலை வந்தது. இப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 500. ஏலத்துக்கு வந்த கூட்டம் ஊர் ஜனத்தொகையைப் பல மடங்கு தாண்டியது.

அந்த ஏலத்தில் 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்த 1958ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் 1,40,000 டாலருக்குப் போனது. அது நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. புத்தம்புதுப் பழைய வண்டியை வாங்குகிறவர் பணக்காரர். அவரை ஆராய வருமான வரித் துறை இருக்கிறது. தோப்புக்குள் நின்ற வண்டிகளையும் ஆள்கள் கை தூக்கி வாங்கினார்கள் அல்லவா, நமக்கு வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

முதலில் இலக்கணம். அமெரிக்கர் ‘புராஜெக்ட் கார்’ என்று வழங்கும் பொருளாவது: ஓடாதது, ஓடும் என்று உடையவரால் நம்பப்படுவது, ஓடாது என்று அக்கம்பக்கத்தாரால் அறியப்பட்டது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அப்பெயர் பொருந்தாது. நம்பிக்கையும் போய்விட்டால் அது இரும்புக்கடைச் சரக்கு. அண்டை வீட்டார் நம்பத் தொடங்கிவிட்டால் அது வெறும் பழைய கார்.

இனி, இப்படிக் கார்களைக் குவித்துவைத்திருக்கும் பெருந்தொகுப்பின் உடையவரிடம் காரை விலைபேசும் முறை. மாதிரிக்கு ஓர் உரையாடல். ஒஹாயோவில் ஒரு வயல். முழங்காலளவு புல்லில் நாற்பது ஐம்பது கார்கள். வாங்க வந்தவர் செவர்லே நிறுவனத்தின் 1969 மாடல் செவெல் ஒன்றின் அருகே நின்று, அதை ஏறிட்டும் பார்க்காதவர் போல் வானத்தைப் பார்த்தபடி கேட்கிறார்.

“இது என்ன நிலைமையில இருக்கு, ஐயா?”

“நிறுத்தும்போது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.”

“எப்போ நிறுத்தினீங்க?”

“கார்ட்டர் ஜனாதிபதியா இருந்தப்போ.”

“விலைக்குக் கொடுப்பீங்களா?”

“மாட்டேன் தம்பி. ரிட்டயர் ஆனதும் நானே சரிபண்ணப்போறேன்.”

சொல்பவருக்கு வயது எண்பத்து மூன்று.

இதில் முதல் விடை தருக்க நூலார் ஊன்றி நோக்கத்தக்கது. நிறுத்தும்போது ஓடிய கார் என்பது மறுக்கவே இயலாத கூற்று. ஓடாத காரை யாரும் நிறுத்த முடியாது. அது முன்பே நின்றிருக்கும். ஆகவே உலகில் நிற்கும் கார் எல்லாம் ஒரு காலத்தில் ஓடியதே. பொய் துளியும் இல்லாமலும், வாங்குபவருக்கு ஒரு சேதியும் கிடைத்துவிடாமலும் அமைந்த இவ்வாக்கியத்தை அமெரிக்கப் பழங்கார் வணிகம் முழுவதும் மந்திரம்போல் ஓதுகிறது. ஏன் நிறுத்தினார் என்று துணைக்கேள்வி கேட்பது மரபன்று. கேட்டால் பிரேக் பிடிக்கவில்லை என்பது வெளிவந்து இரு தரப்பாருக்கும் சங்கடம் நேரும்.

விற்க மாட்டேன் என்றவர் ஒருநாள் காலமாக, பிள்ளைகள் ஏலக்காரரை அழைக்க, அதே செவெல் சந்தைக்கு வருகிறது என்று கொள்வோம். கையில் பணத்துடன் போகிறவர் கொண்டுபோக வேண்டிய கருவிகள் இரண்டு: காந்தமும் ஸ்க்ரூடிரைவரும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் காந்தத்தை வைத்தால் ஒட்ட வேண்டும். வழுக்கி விழுந்தால் அங்கே இருப்பது தகடல்ல, பட்டி. யாரோ விரற்கடை தடிமனுக்குப் பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அடுத்து ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்த வேண்டும். டங்கென்று சத்தம் வந்தால் தரை உண்டு. சத்தமே வராமல் கருவி கைப்பிடிவரை இறங்கி, துளை வழியே கீழே புல் தெரிந்தால், பேரத்தில் விலை குறைக்க நல்ல இடம் என்க. சீட்டுக்குள் எலிக்கூடு இருக்கும். பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை வராது. பழைய வார்னிஷ் வாடைதான் வரும். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றிவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பது வழக்கம். பிறகு நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரை முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் மாட்டி இழுப்பார்கள். சில நேரம் இன்ஜின் அசையும். சில நேரம் போல்ட் மட்டும் அசையும்.

வண்டி நின்ற நிலமே அதன் தலைவிதி. அரிசோனாப் பாலையில் நின்ற காருக்கு வெயிலில் பெயிண்ட் உரியும், டேஷ்போர்டு வெடிக்கும். தரைத் தகடு மட்டும் கல்லுப்போல் இருக்கும். மிச்சிகன், ஒஹாயோ பக்கத்துக் காருக்கு நிலைமை நேர்மாறு. அங்கே பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புநீர் அடித்தகட்டில் தெறித்து உலோகத்தைத் தின்கிறது. கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் நகருக்கு நேர் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலைக்கான உப்பு அங்கிருந்தும் வெட்டியெடுக்கப்படுகிறது. மேலே காரும் கீழே அதற்கு எமனும் ஒரே ஊரில் உற்பத்தி என்பதை நிலவியலாரும் பொருளியலாரும் ஏன் இன்னும் சேர்ந்து உட்கார்ந்து ஆராயவில்லை என்று தெரியவில்லை.

பாட ஆராய்ச்சியில் தேர்ந்தவர்க்கு இத்துறையில் நல்ல வேலை இருக்கிறது. இடைச்செருகல் இங்கே ஏராளம். 1966 முதல் 1968 வரை வந்த, செவெலின் உயர்ரகமான எஸ்.எஸ். 396 காரென்றால் அதன் வரிசை எண் 138 என்று தொடங்க வேண்டும். 1969இல் எஸ்.எஸ். என்பது காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் அம்சமாகிவிட்டதால், அந்த ஆண்டு எண் வாயைத் திறக்காது. ஆகவே சாதாரணச் செவெல் மாலிபு ஒன்றை வாங்கி, முகப்பில் இரண்டு எழுத்தைத் திருகிவிட்டால் அது உயர்குலத்தில் பிறந்ததாகிவிடும். மூல இன்ஜின்தானா என்று பார்க்க இன்ஜினின் முன்பக்கம் ஒரு சிறு மேடையில் எண் பொறித்திருப்பார்கள். அதைச் சீவிவிட்டுப் புதிதாகப் பொறிக்கும் கைகாரர்களும் உண்டு. மழிக்கப்பட்ட பரப்பின் மினுமினுப்பைக் கொண்டு மூலபாடத்தைப் பிரித்தறியும் நிபுணர்கள் ஏலத்துக்கு லென்ஸுடன் வருகிறார்கள்.

உரிமைப் பத்திரம் தொலைந்துபோன கார்களுக்கு வெர்மான்ட் மாநிலம் நெடுங்காலம் புகலிடம் தந்தது. பதினைந்து வயது தாண்டிய வண்டியென்றால் விற்பனைச் சீட்டு ஒன்றை அனுப்பினால் போதும். வேற்று மாநிலத்தார்க்கும் தபாலிலேயே பதிவு கிடைத்தது. அம்மாநிலத்தைக் கண்ணாலும் காணாத கார்கள் ஏராளமாக அதன் குடிமக்களாயின. 2023இல் வாசலைச் சாத்திவிட்டார்கள்.

கவனிக்காமல் விட்டதால்தானே இவ்வளவு துருவும் என்று ஒரு மறுப்பு எழலாம். அதற்கு விடை ஒக்லஹோமாவின் டல்சா நகரில் உள்ளது. 1957 ஜூன் 15 அன்று நகரத்தார் புது பிளிமத் பெல்வடேர் ஒன்றை, ஐம்பதாண்டு கழித்துத் திறப்பதற்காக, நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் பெட்டகத்துக்குள் சகல மரியாதையுடன் புதைத்தனர். 2007இல் பெட்ரோல் என்ற பொருள் இருக்குமோ இராதோ என்று கொஞ்சம் பெட்ரோலும் கூடவே வைத்தனர். திறந்தபோது பெட்டகத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கார் சேற்றுடன் சேர்ந்த துருப்பிழம்பாக வெளிவந்தது. ஆகவே அக்கறையால் விளையும் துருவுக்கும் அலட்சியத்தால் விளையும் துருவுக்கும் நிறத்தில்கூட வேறுபாடில்லை.

இவ்வளவையும் அறிந்தபின்னும் ஆள் வாங்குகிறார். டிரெய்லர் வாடகையும் டீசலும் காரின் விலையைத் தாண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவர் வாங்குவது காரன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. கிழவர் கைவசம் வைத்திருந்த ‘ஒருநாள் சரிபண்ணப்போறேன்’ என்ற வாக்கியத்தைத்தான் அவர் விலைகொடுத்து வாங்குகிறார். அந்தக் காரில் துரு பிடிக்காத உறுப்பு அவ்வாக்கியம் ஒன்றே. பெருந்தொகுப்பு என்பது ஒருவரிடம் குவிந்த ஒத்திவைப்பு. ஏலம் அதைப் பலர்க்குப் பிரித்துக் கொடுக்கிறது. மொத்தக் கையிருப்பு குறைவதில்லை.

பிரிந்த ஒத்திவைப்பு மறுபடி குவிவதும் கண்கூடு. வாங்கிய செவெலுக்கு இடப்பக்கக் கதவு இல்லை என்று, கதவுக்காக இன்னொரு செவெல் வாங்கப்படுகிறது. இதற்கு ‘பார்ட்ஸ் கார்’ என்று பெயர். கொட்டகைக்கு வந்ததும் பார்த்தால் இரண்டாவதன் தரை முதலாவதைவிடத் தேவலை. பிரித்துப்போட மனம் ஒப்பாது. எனவே முதலாவது பார்ட்ஸ் கார் ஆகிறது. இரண்டாவதுக்கு இன்ஜின் இல்லாமையால் மூன்றாவது வருகிறது. அந்த இன்ஜின் நிறுத்தும்போது ஓடியது. நான்காவது வரும்போது தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வருகிறது. பதிவில்லாத வண்டிகளைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி நிறுத்த அமெரிக்க ஊர்கள் பலவற்றில் தடை உண்டு. சட்டத்துக்கு அடங்கி எல்லாவற்றையும் தார்ப்பாயால் போர்த்திவிடுகிறார்கள். போர்த்திய தார்ப்பாய் மண்ணின் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து, வெட்டவெளியில் நின்றிருந்தால் பத்தாண்டில் விழும் ஓட்டையை இரண்டே மழைக்காலத்தில் விழவைக்கிறது. இத்தார்ப்பாய் எங்கும் நீல நிறமாகவே இருப்பதேன் என்பது தனி ஆய்வுக்குரியது.