கைக்கடிகாரத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் கைக்கடிகாரம் இப்போதெல்லாம் மணி பார்ப்பதற்கு இல்லை. மணி பார்க்கக் கைப்பேசி போதும். கடிகாரத்துக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறோம்: இதயத்தைப் பார்த்துக்கொள்வது. கல்லூரிக்குப் போகும் பையன், ஆட்டோ ஓட்டும் அண்ணன், கோயில் வாசலில் பூ கட்டும் அக்கா என்று யார் கையைத் திருப்பிப் பார்த்தாலும் பட்டைக்கு அடியில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் இவ்வளவு தொண்டு செய்யும் கருவிக்கு இன்னும் ஒரு பாராட்டு விழா நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் பிள்ளை எண்பது மார்க் வாங்கினாலே பேனர் கட்டும் தெருவில் இது அநியாயம்.

முதலில் அதன் ஓய்வுநேரப் பெருமையைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்து, மின்விசிறிக்குக் கீழே கையை அசைக்காமல் சீரியல் பார்ப்பவருக்கு அது 72 என்று காட்டினால், விரல் வைத்து எண்ணினாலும் ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருக்கும். வேலை ஒன்றும் லேசானதல்ல. பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்புகிறது. ரத்தம் பச்சையை நன்றாக விழுங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைகிறது. அந்தக் கொஞ்சம், திரும்பி வருவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதைப் பிடித்து எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவரின் இதயத்தை இத்தனை அக்கறையாகக் காவல் காக்க வேறு யாருக்கு மனசு வரும்? இந்தத் துல்லியத்தை ஔவை கண்டிருந்தால், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குக் கொடுத்த அதே பாராட்டை இதற்கும் கொடுத்திருப்பாள்.

ஆனால் மனிதன் எழுந்துவிடுகிறான். அது கடிகாரத்தின் குற்றமல்ல. சாங்கி டேங்க் ஏரியைச் சுற்றி ஓடுகிறான், மெட்ரோ நிலையத்துப் படியேறுகிறான், சிலிண்டரைத் தோளில் தூக்கி மூன்றாவது மாடிக்குப் போகிறான். பட்டை மயிரிழை நகர்ந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகுகிறது. கையை வீசினால் தசைநாண் எழும்புகிறது, சிரைகளில் ரத்தம் தளும்புகிறது. இதில் ஒவ்வொன்றும் துடிப்பைவிடப் பெரிய அலையைக் கிளப்பும். அதைவிட வம்பு, தாளம். வேகமாக ஓடுபவரின் கால் நிமிடத்துக்கு 160, 170 முறை தரையைத் தொடும். அந்நேரம் இதயமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அரிசியும் கல்லும் ஒரே அளவாக இருந்தால் சல்லடை என்ன செய்யும்? இங்கேதான் நம் கடிகாரத்தின் சாமர்த்தியம் தெரிகிறது. இரண்டில் எது பலமாகக் கேட்கிறதோ அதை இதயம் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஒரே கால் அசைவை ‘நடந்த அடிகள்’ என்று ஒரு தடவை, ‘இதயத் துடிப்பு’ என்று இன்னொரு தடவை கொடுக்கிறது. கொடுத்த காசுக்கு இரட்டை லாபம்.

மார்க்கெட் பக்கம் ராத்திரிக் கடையில் பரோட்டா மாஸ்டர் ஒருவர் இந்தக் கருவியை மாவு படாமல் முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டியிருப்பார். வீசி அடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பையன் கேட்டான்:

“அண்ணா, எவ்ளோ காட்டுது?”

“நூத்தி நாப்பத்தஞ்சுப்பா. போன வாரம் டாக்டர் கையைப் புடிச்சுப் பாத்துட்டு எழுபத்தெட்டுன்னாரு.”

“அப்ப பரோட்டாவுக்கு நூத்தி நாப்பத்தஞ்சுண்ணா.”

மாஸ்டர் சிரித்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார். பையன் சொன்னதில் விஞ்ஞானப் பிழை எதுவும் இல்லை.

இதே பெங்களூரில், ஜாலஹள்ளியில், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ஆட்டோமேட்டிக் ரகங்களுக்குக் கையை ஆட்டினால்தான் சாவி ஏறும். உழைக்கிறவன் கையில் ஓடும், சோம்பேறி கையில் நின்றுவிடும். பாவம், நாகரிகம் தெரியாத காலம். இன்றைய கடிகாரம் ஓய்வெடுப்பவரை மதிக்கத் தெரிந்தது.

அசைவின் தொந்தரவைக் குறைக்க வழியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடிகாரத்துக்குள்ளேயே அசைவுமானி இருக்கிறது. கை எப்படி ஆடியது என்று அது தனியாகச் சொல்லும். அதை வைத்து ஒளியலையில் கலந்த ஆட்டத்தைக் கணித்துக் கழிக்கலாம். இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொண்டு கழிக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் விட்ரோவும் ஹாஃபும் 1960இலேயே கொடுத்துவிட்டார்கள். 2015இல் ட்ரொய்கா என்ற முறை வந்தது. டிரெட்மில்லில் மணிக்கு 15 கிலோமீட்டர் வரை ஓடிய 12 பேரிடம் சராசரிப் பிழை நிமிடத்துக்கு 2.34 துடிப்புதான். அருமையான சாதனை, கிண்டல் இல்லை. டிரெட்மில்லில் ஓடுகிறவர் ஒரே சீராக ஓடுவார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். தண்ணீர்க் குடத்தோடு குறுகலான படியில் ஏறி, பாதியில் நின்று, எதிரில் வருகிறவருக்கு ஒதுங்கி, மறுபடி ஏறுகிறவரின் அசைவு அப்படிச் சீராக இருக்காது. காலும் இதயமும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டாலோ, காலைக் கழிக்கும்போது இதயமும் சேர்ந்து கழிந்துபோகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 53 பேரிடம் பல கருவிகளைச் சோதித்தார்கள். ஓய்வில் இருக்கும்போது வரும் பிழையைவிட அசையும்போது வரும் பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதாவது, எப்போது எண் தேவையோ அப்போது பிழையும் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த இக்கட்டில் வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். நாடி பார்க்கும் சித்த வைத்தியர் இருக்கிறாரே, ஓடி வந்தவனை முதலில் உட்கார வைப்பார். மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடுவார். பிடிபடவில்லை என்றால் வெட்கமே இல்லாமல் “நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க” என்று அனுப்பிவிடுவார். நம் கடிகாரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. சமிக்ஞை மங்கினால் ஒரு கோடு போட்டு ‘தெரியவில்லை’ என்று காட்டுவது எளிது. எவ்வளவு மங்கல் என்று கணக்கிடும் வித்தையும் உண்டு. ஆனால் திரையில் கோடு விழுந்தால் வாங்கியவர் மனசு நோகுமே! அதனால் கடைசியாகக் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு, இப்படிக் கொஞ்சம் ஏற்றி, அப்படிக் கொஞ்சம் இறக்கி, வளைவை வழவழவென்று இழைத்துக் காட்டுகிறது. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) என்ற ஊரின் தாரக மந்திரத்தைக் கரைத்துக் குடித்த கருவி.

அதன் கருணை மனிதரோடு நிற்பதும் இல்லை. சீனாவில் சிலர் இப்படிப்பட்ட பட்டையைக் கழிப்பறைக் காகிதச் சுருளில் கட்டிப் பார்த்தார்கள். சுருளுக்கும் இதயத் துடிப்பு காட்டியது. உயிர் இருக்கிறதா என்று கேட்டுச் சங்கடப்படுத்தாமல், ஒளி திரும்பி வந்தால் போதும் என்று எண்ணும் பெருந்தன்மை அது.

அடக்கமும் குறைவில்லை. விளம்பரத்தில் ‘உங்கள் இதயத்தின் காவலன்’ என்று பெரிய எழுத்தில் வரும் பெருமையை, பெட்டிக்குள் இருக்கும் தாளில் எறும்பளவு எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று தானே தட்டிக் கழித்துவிடுகிறது. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் பாதித் தொல்லை போய்விடும் என்பதும் பெரும்பாலும் அதே தாளில்தான் இருக்கும். அதைப் பெரிதாகப் போட்டால், வளையல் மாதிரித் தொளதொளவென்று போட்டுக்கொண்டு நிற்கும் விளம்பர நடிகையின் அழகு கெட்டுவிடாதா?

இதற்குப் போட்டி என்று சொல்லத்தக்கது மார்புப் பட்டை ஒன்றுதான். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இலேயே கம்பியில்லாமல் மணிக்கட்டுக்குச் செய்தி அனுப்பும் பட்டையை விற்கத் தொடங்கிவிட்டது. அது ஒளியை நம்புவதில்லை. இதயத்தின் மின்சாரத்தையே நேராகக் கேட்கிறது. ஓடினாலும் குதித்தாலும் பெரிதாகத் தடுமாறாது. ஆனால் தண்ணீர் தொட்டு நனைத்து, சட்டைக்குள்ளே நெஞ்சோடு கட்ட வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் யார் கண்ணில் படும்?