வாடகை ஜாகிர்தார்கள்

ஆரணியில் இப்போதெல்லாம் மாப்பிள்ளைக்குக் கோட்டு வாடகைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பந்தக்கால் நடுகிறார்கள் போலிருக்கிறது. கருநீல பாலியஸ்டர். காலரில் போன முகூர்த்தத்து மாப்பிள்ளையின் பவுடர் இன்னும் போகவில்லை. தொளதொளவென்று இருப்பதால் முதுகுப் பக்கம் நாலு ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். போட்டோவில் முதுகு தெரியாது, கவலை வேண்டாம். வைகாசி வெயிலில், புவிசார் குறியீடு வாங்கிய பட்டை நெய்கிற ஊரில், நெய்கிறவர் மகனே பாலியஸ்டருக்குள் வெந்துகொண்டிருக்கிறான். 1751-இல் ராபர்ட் கிளைவ் இங்கே கோட்டும் சூட்டுமாக வந்தான் என்றால் அவனுக்கு ஆரணியில் ஒரு சண்டை பாக்கியிருந்தது; மாதமும் டிசம்பர். நமக்கு என்ன கேடு?

கோட்டு வந்துவிட்டால் அரண்மனை வேண்டாமா? இருக்கவே இருக்கிறது பூசிமலைக்குப்பம். ஆரணி ஜாகிர்தார்கள் காட்டுக்குள் ஐரோப்பியப் பாணியில் எழுப்பிய மாளிகை. யாரோ ஒரு சீமைப் பெண்ணுக்காகக் கட்டியது என்று ஊர் சொல்லும். கண்ணாடி மாளிகை என்று பெயர். கண்ணாடியை மட்டும் தேடாதீர்கள். சுவரைப் பிளந்து மரம் முளைத்திருக்கிறது, மீதிச் சுவரில் ஆணியால் கீறிய காதல்கள். அங்கே கலர்ப் புகையைக் கொளுத்திவிட்டு ஜோடியை ஓடிவரச் சொல்கிறார் கேமராக்காரர்: “அண்ணா, அந்த இடிஞ்ச பக்கமா நில்லுங்க, செம லுக்கு!” இடிந்தால்தான் லுக்கு என்றால் அரசாங்கம் நல்ல கலைஞன்தான். மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-இல் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! அதே கெடுவில் குறிஞ்சியாவது பூத்துக் காட்டுகிறது.

ராத்திரி டி.ஜே. அந்த இசையோடு எனக்குப் பகை இல்லை. 1980-களில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் தொழிற்சாலைகள் இழுத்து மூடப்பட்ட காலத்தில் கறுப்பின இளைஞர்கள் உண்டாக்கிய பாட்டு அது. அவர்களிடம் சொல்ல விஷயம் இருந்தது. நாமோ அதை வாங்கிவந்து, மாமியார் நெஞ்சு படபடக்க, பந்தியில் டம்ளர் ரசம் தானாகவே வட்டமடிக்க அலறவிடுகிறோம். இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபெல்தான் என்கிறது 2000-ஆம் ஆண்டு விதி. மணி பத்தரை. அதை அமல்படுத்த வேண்டியவர் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சத்தத்தில் பரிமாறுகிறவனுக்குக் காது கேட்கவில்லை.

பின்தெருவில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு இதில் என்ன வந்தது? பட்டுச் சேலை போன்றவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்க 1985-இலேயே சட்டம் வந்தாயிற்று. விசைத்தறிச் சேலைக்குக் ‘கைத்தறி’ என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் அதைப் படிக்கிற வழக்கமில்லை. அவர் ராவும் பகலும் மிதித்து நெய்த முகூர்த்தச் சேலையை விரித்துக் காட்டுகிறார். கோட்டுக்கும் புகைக்கும் டி.ஜே.க்கும் கேட்ட ரூபாயை வாய் திறக்காமல் எண்ணி வைத்த அதே மாப்பிள்ளை வீட்டுக்காரர், முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “நம்ம ஊருச் சரக்குதானேங்க, ஒரு ஆயிரம் குறைச்சுக்குங்க.”