மணலுக்குச் சாதகம்

ஏலே, இங்கன வா. கையில என்ன படம்? கட்டம் கட்டமாப் பிரிச்சு, உள்ள புள்ளி வச்சிருக்கே? இந்த மணற்பாறை நாப்பது கோடி வருசத்துக்கு முந்தி எரிமலைத் தீவு ஓரமாக் கெடந்துச்சுன்னு சொல்லப்போறியாக்கும். சொல்லு, தாராளமாச் சொல்லு. இல்லன்னு சாட்சி சொல்ல எவன் வரப்போறான்?

வெறும் புளுகுன்னு நான் சொல்லலடே. 1983ல ஆஸ்திரேலியாவுல முகுல் பாட்டியாங்குத புவியியலாளர் அந்த நாட்டுக் கெழக்குப் பக்கத்து மணற்பாறையோட வேதிக் கலவையை அலசித்தான் இந்தக் கட்டங்களுக்குக் கோடு கிழிச்சாரு. எரிமலைத் தீவு மணல்னா இரும்பு, மக்னீசியம், டைட்டானியம் தூக்கலா நிக்கும். ஆடாம அசையாமக் கெடக்க கண்டத்துக் கரைன்னா சிலிக்காதான் மிஞ்சும். அங்க சோடியம் கரைஞ்சு ஓடிரும், பொட்டாசியம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். 1986ல ரோசரும் கோர்ஷும் இன்னும் சுருக்கிட்டாவ. சிலிக்கா ஒரு பக்கம், பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்குமான விகிதம் இன்னொரு பக்கம், அவ்வளவுதான். வேலை லேசாயிட்டுன்னா நம்ம ஆளுவ சும்மா விடுவானுவளா? கல்லைப் பொடிச்சான், புள்ளி வச்சான், விழுந்த கட்டத்துப் பேரைச் சொல்லிப் பட்டத்தையும் வாங்கிட்டான்!

கை கழுவுன தண்ணியப் பாத்து என்ன கொழம்புன்னு சொல்லுத வேலை இது. மூக்கு இருந்தாச் சொல்லலாம். எல்லாருக்கும் இருக்கா?

2005ல மெக்சிகோவுல ஆம்ஸ்ட்ராங் ஆல்ட்ரினும் வர்மாவும் ஒரு காரியம் செஞ்சாவ. பொறந்த எடம் தெரிஞ்ச இளம் மணலா எடுத்து இந்தப் படங்கள்ல போட்டுப் பாத்தாவ. படம் பல எடத்துல திருதிருன்னு முழிச்சுது. 2013ல அவியளே வேற படம் வரைஞ்சாவ. இந்தச் சோதனையை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?

படம் ஏன் முழிக்குதுன்னு கேட்டா, அமேசான் ஆத்தைப் பாரு. அது சுமந்துட்டு வார வண்டல்ல பெரும்பங்கு ஆண்டிஸ் மலைச் சரக்கு. அந்தப் பக்கம் கடல்தட்டு கண்டத்துக்கு அடியில நுழையுது; எரிமலையும் நெலநடுக்கமும் ஓஞ்ச பாடில்ல. வண்டல் போயிச் சேருததோ அட்லாண்டிக் ஓரம். அங்க தட்டு உரசலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. அந்த வண்டலை நாளைக்கு ஒருத்தன் அரைச்சா எந்த ஊரைச் சொல்லும்? ஆத்தா பொறந்த ஊரைச் சொல்லும். நீ அதைப் படுத்த ஊருன்னு எழுதுவே.

அதுபோக சோடியம் நாடோடிப் பய. வெயில், மழை, பொதைஞ்ச பெறகு ஊறுத வெந்நி, எல்லாம் அவனை எடம் மாத்தும். அவனை நம்பி ஒரு மலைத்தொடரையே எழுப்புதியே! தோரியம், ஸ்காண்டியம், லாந்தனம் இதுக லேசுல எடம்பெயராது; இதுகளக் கேட்டியா? சீவின கல்லை நுண்ணோக்கியில வச்சு எரிமலைத் துணுக்கு உண்டான்னு பாத்தியா? மணலுக்குள்ள கெடக்க சிர்கான் மணியோட வயசு பாத்தியா?

ஒண்ணும் பாக்கலயா? அப்போ படத்தைச் சுருட்டி வச்சிட்டு மொதல்ல அதைப் பாருலே.