சோமு பிரம்மச்சாரிதானா?

புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியில் ‘இல்லை’ என்று எழுதுவது எனக்கு இன்றுவரை சரியாகக் கைவரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பது தனிக்கதை.

ராமு, சோமு இருவரும் ஆண்கள். ராமுவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ‘கல்யாணம் ஆகாதவர், ஆண் என்றால் பிரம்மச்சாரி’ என்று விதி எழுதி, “யார் பிரம்மச்சாரி?” என்று வகுப்பின் முன் மிடுக்காகக் கேட்டேன். ‘ஃபால்ஸ்’ என்றது திரை. கடைசி பெஞ்சில் சிரிப்பு. ஆள் யாரென்று தெரியாமல் ‘எக்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை’ என்று முதலில் கேட்டால், யாருக்காவது ஆகியிருக்கிறதா என்றுதான் புரோலாக் தேடும். ராமு அகப்படுவான், விதி அங்கேயே படுத்துவிடும். நிபந்தனைகளை இடம் மாற்றினேன், சோமு வந்தான். தர்க்கத்தில் வரிசைக்கு வேலையில்லை என்று முந்தின வகுப்பில் முழங்கியவனும் நானே.

சோமு மட்டும் என்ன, அவன் கல்யாணத்தை நான் டைப் செய்யவில்லை, அவ்வளவுதான். நிரூபிக்க முடியாததைப் பொய் என்று கொள்ளும் இந்த வழக்கத்துக்கு 1978இல் கீத் கிளார்க் ஒரு பொருள் சொன்னார்: விதியில் உள்ள ‘என்றால்’ என்பதை ‘என்றால், என்றால் மட்டுமே’ என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் ‘ப இல்லையென்றால் ப’ என்ற விதி முரண்பாடாகிவிடும். இப்படி யார் எழுதப்போகிறார்கள் என்று அலட்சியமாகத் தாண்டிப் போனேன்.

இருவர் மாறி மாறி நகரும் ஒரு பலகை ஆட்டத்துக்காக, அந்த விதியின் பங்காளியை நானே எழுதினேன். ‘எதிராளி ஜெயிக்க முடியாத கட்டத்துக்கு நகர முடிந்தால், இந்தக் கட்டம் வெற்றி.’ ஒரே வரி, எனக்கே பெருமை. ஆனால் என் பலகையில் ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கும், ‘ஆ’விலிருந்து ‘அ’வுக்கும் மட்டுமே வழி. நிரல் முடிவில்லாமல் சுற்றியது. லேப் கணினி பழசு என்று கூசாமல் சொன்னேன்.

1988இல் கெல்ஃபாண்டும் லிஃப்சிட்ஸும் வேறு வழி காட்டினார்கள். எவை உண்மை என்று முதலில் ஊகி. அந்த ஊகத்தை வைத்து விதிகளிலுள்ள ‘இல்லை’களைக் கழித்துவிடு. மிஞ்சிய விதிகள் அதே ஊகத்தைத் திருப்பித் தந்தால் அது நிலையான மாதிரி. என் பலகைக்கு அப்படி இரண்டு கிடைக்கும்: ஒன்றில் ‘அ’ வெற்றி, மற்றதில் ‘ஆ’ வெற்றி. வான் கெல்டர், ராஸ், ஷ்லிஃப் மூவரும் உண்மை, பொய் இரண்டோடு ‘தீர்மானமில்லை’யையும் சேர்த்தார்கள், அவர்கள் கணக்கில் இரண்டு கட்டமும் தீர்மானமில்லை. பரீட்சையில் இதே பலகைக்கு ‘டிரா’ என்று எழுதிய பெண்ணுக்கு நான் சுழி போட்டிருந்தேன். விடைத்தாளோடு வந்து, மாறி மாறி நகர்ந்துகொண்டே இருந்தால் யார் தோற்பது என்று கேட்டாள். முழு மதிப்பெண் போட்டேன்.

ஆட்டத்துக்கு மூவர் சொன்னதே பொருத்தம். தேர்வு அட்டவணை மாதிரி, பல விடைகளில் ஒன்று போதும் என்றால் நிலையான மாதிரி. புரோலாக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ‘இல்லை’யை விதியின் கடைசியில் எழுதுங்கள்.